பெண்குறிச் சுருள்சிரை: கருவுற்ற காலத்திலும் மகப்பேற்றுக்குப் பின்னும்

பெண்குறிச் சுருள்சிரை என்பது பெண்ணின் வெளிப் பிறப்புறுப்பில், பெரும்பாலும் வெளி இதழ்களில், சிரைகள் இரத்தம் தேங்கி வீங்கி, வளைந்து நெளிந்து புடைத்துத் தெரியும் நிலையாகும். நெடுநேரம் நின்று வேலை செய்பவர்களின் கெண்டைக்காலில் நீல நிறத்தில் முறுக்கிக்கொண்டு தெரியும் சுருள்சிரையைப் பலரும் பார்த்திருப்பர். அதே மாற்றம்தான் இங்கும் நிகழ்கிறது. கருவுற்ற காலத்திலேயே இது மிகுதியாகத் தோன்றுகிறது. குழந்தை பிறந்த சில வாரங்களில் பெரும்பாலானோருக்குத் தானாகவே மறைந்துவிடுகிறது.

கருவுற்ற பெண்களில் ஏறத்தாழ 10 முதல் 20 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஓர் அளவில் இந்நிலை ஏற்படுவதாக மருத்துவ நூல்கள் மதிப்பிடுகின்றன. கணக்குகள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. அதில் வியப்பில்லை. இடம் அப்படிப்பட்டது, கணவனிடமும் தாயிடமும்கூடச் சொல்லத் தயங்குவோர் மருத்துவரிடம் சொல்வது அரிது. மகப்பேறு குறித்த எளிய நூல்களில் வாந்திக்கும் கால் வீக்கத்திற்கும் பல பக்கங்கள் ஒதுக்கப்பட, இதற்கு ஒரு வரியும் இருப்பதில்லை. அதனால் ஒரு நாள் குளிக்கும்போது கையில் ஏதோ புடைப்பு தட்டுப்பட்டதும், புற்றுநோயோ, பால்வினை நோயோ, கருப்பை இறங்கிவிட்டதோ என்று அஞ்சி, அந்த அச்சத்தை மாதக்கணக்கில் தனியாகச் சுமப்போர் உண்டு. இம்மூன்றில் எதுவும் அன்று இது.

பெயர்

தமிழ்நாட்டுப் பேச்சுவழக்கில் சிரையையும் 'நரம்பு' என்றே சொல்கிறோம். ஊசி போடும் செவிலியர் "நரம்பு கிடைக்கலை" என்பது சிரையைப் பற்றித்தான். ஆகவே மக்கள் இதை 'நரம்பு சுருட்டல்' அல்லது 'நரம்பு முடிச்சு' என்பர். மருத்துவமனைகளில் 'வெரிகோஸ் வெயின்' என்ற சொல் புழங்குகிறது. இலங்கைத் தமிழில் சிரைக்கு 'நாளம்' என்று பெயர். அங்கு 'நாளப்புடைப்பு' எனலாம். பெயரில் நரம்பு இருந்தாலும் இது நரம்பு மண்டலத்தின் நோய் அன்று. நரம்புத் தளர்ச்சிக்கென விற்கப்படும் மருந்துகளுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

ஏன் அந்த இடத்தில்?

இதயம் தமனிகள் வழியாக இரத்தத்தை வேகத்துடன் தள்ளுகிறது. திரும்பி வரும் வழியான சிரைகளில் அந்த வேகம் இல்லை. நிற்கும் உடலில் கீழிருந்து மேலேற வேண்டிய இரத்தத்திற்கு இரண்டு துணைகள் உண்டு. ஒன்று, சிரைகளின் உள்ளே இருக்கும் சிறு வால்வுகள். மேலே சென்ற இரத்தம் மீண்டும் கீழே வழியாதபடி அவை தடுக்கின்றன. இரத்த ஓட்டம் பற்றி வில்லியம் ஹார்வி 1628இல் வெளியிட்ட நூலில், இந்த வால்வுகள் ஒரு திசையில் மட்டுமே வழிவிடுகின்றன என்பதையே தம் முக்கியச் சான்றுகளில் ஒன்றாகக் காட்டினார். மற்றொன்று, கெண்டைக்கால் தசை. நடக்கும் ஒவ்வோர் அடியிலும் அது சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேலே ஏற்றுகிறது.

பெண்குறியின் சிரைகளுக்கு இவ்விரு துணையும் போதுமான அளவில் இல்லை. இரத்தம் சென்று சேரும் இடுப்பறைச் சிரைகளில் வால்வுகள் குறைவு. சுற்றிலும் பிழிந்து தள்ளும் பெருந்தசை ஏதுமில்லை. தளர்வான கொழுப்புத் திசுவும் மெல்லிய தோலும்தான். சாய்ந்துகொள்ளச் சுவரில்லாத கொடி போல, அழுத்தம் கூடினால் அச்சிரைகள் எளிதில் தொங்கி விரிகின்றன. இதை மனத்தில் கொண்டால், பின்னர் சொல்லப்படும் தணிக்கும் வழிகள் ஏன் பயன் தருகின்றன என்பது விளங்கும்: அவற்றில் பெரும்பாலானவை வெளியிலிருந்து ஒரு தாங்கல் கொடுப்பவை, அல்லது மேலிருந்து வரும் அழுத்தத்தைக் குறைப்பவை.

கருவுற்ற காலத்தில் அழுத்தம் பல வழிகளில் கூடுகிறது. உடலில் ஓடும் இரத்தத்தின் அளவு 40 முதல் 50 விழுக்காடு வரை பெருகுகிறது. புரோஜெஸ்ட்டிரோன் இயக்குநீர் சிரைச் சுவர்களின் தசையைத் தளர்த்துகிறது. கருப்பைக்குச் செல்லும் இரத்தம் பன்மடங்காவதால் அங்கிருந்து திரும்பும் இரத்தமும் அதே இடுப்பறைச் சிரைகளை நிறைக்கிறது. வளரும் கருப்பை கீழ்ப்பெருஞ்சிரையையும் இடுப்புச் சிரைகளையும் அழுத்துகிறது. எடை காரணமாக அழுத்துவது பிந்திய மாதங்களில்தான். இயக்குநீரின் விளைவோ முன்பே தொடங்கிவிடுகிறது. அதனால்தான் வயிறு பெரிதாகும் முன்னரே, ஐந்தாம் மாத அளவில், சிலருக்குப் புடைப்பு தெரியத் தொடங்குகிறது.

முதல் கருவில் இது குறைவு. இரண்டாவது, மூன்றாவது கருவில் மிகுதி. ஒவ்வொரு முறையும் சற்று முன்னதாகவே தோன்றுவதும் உண்டு. தாய்க்கோ உடன்பிறந்தவளுக்கோ சுருள்சிரை இருந்தால் வாய்ப்புக் கூடும். இரட்டைக் கரு, உடல் எடை மிகுதி, நாள் முழுதும் நிற்கும் வேலை ஆகியவையும் சேரும். 'உடல் சூடு', மாடிப்படி ஏறியது, கணவனுடன் சேர்ந்தது என்று வீட்டில் சொல்லப்படும் காரணங்கள் எதுவும் இதை உண்டாக்குவதில்லை. பெண் தான் செய்த ஏதோ ஒன்றின் விளைவு இது என்று எண்ண இடமில்லை.

அறிகுறிகள்

சிலருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. மற்றவர்களுக்கு அடியில் ஏதோ கனமாகத் தொங்குவது போன்ற உணர்வு முதலில் வரும். காலையில் எழும்போது ஒன்றுமிராது. சமையலறையில் நின்று வேலை முடிந்து மாலையாகும்போது வீங்கி, கனத்து, குத்தல் எடுக்கும். படுத்தால் குறையும். அரிப்பும் எரிச்சலும் சிலருக்கு உண்டு. நடக்கும்போது உள்ளாடை உராய்வதே வேதனையாவதும், உடலுறவின்போதோ அதன் பின்னோ வலிப்பதும் உண்டு.

தொட்டால் மென்மையாக, அழுத்தினால் அமுங்கி, விட்டால் மீண்டும் நிறையும் புடைப்புகளாக இவை இருக்கும். நிறம் நீலமாகவோ ஊதாவாகவோ தெரியலாம். மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் நிறமாற்றம் தெரியாமல் புடைப்பு மட்டுமே தெரிவதும் இயல்பு. ஒரு பக்கமோ இரு பக்கமோ வரலாம். உள்தொடை வழியாகவும் பிட்டத்தின் கீழாகவும் படர்ந்திருப்பதுண்டு. காலில் சுருள்சிரையும் மூல நோயும் கூடவே இருப்பது வழக்கம். மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே.

குழந்தைக்கு இதனால் கேடு இல்லை. குழந்தைக்கு உணவும் உயிர்வளியும் செல்வது கருப்பையில் உள்ள நச்சுக்கொடி வழியாக. இந்தச் சிரைகளுக்கு அதில் பங்கில்லை.

மருத்துவரிடம் சொல்வது

இந்நோயைக் கண்டறிவதில் ஒரு சிக்கல் உண்டு. பரிசோதனை மேசையில் பெண் படுத்ததும் சிரைகள் வடிந்து தட்டையாகிவிடும். மருத்துவர் பார்க்கும்போது ஒன்றுமே இல்லாதது போலிருக்கும். நின்ற நிலையில் பார்த்தால்தான் புடைப்பு தெரியும். ஆகவே பெண் தானாகச் சொல்லாவிட்டால், மாதந்தோறும் தவறாமல் பரிசோதனைக்குச் சென்றாலும் இது யார் கண்ணிலும் படாமலே போகலாம்.

என்ன சொல்லிப் பேச்சைத் தொடங்குவது என்பதே பலருக்குத் தடை. "கீழே நரம்பு புடைச்ச மாதிரி இருக்கு, நின்னா கனமா வலிக்குது, படுத்தா குறையுது" என்றால் போதும்; மருத்துவருக்கு அந்த மூன்று குறிப்பிலேயே பாதி விளங்கிவிடும். ஆண் மருத்துவரிடம் கூச்சமாக இருந்தால் கிராம சுகாதாரச் செவிலியரிடமும், இலங்கையில் வீட்டுக்கு வரும் மருத்துவமாதுவிடமும் முதலில் சொல்லலாம். பெண் மருத்துவர் அல்லது செவிலியர் உடனிருக்கப் பார்க்கும்படி கேட்பது எந்த மருத்துவமனையிலும் முறையான கோரிக்கையே.

பெரும்பாலும் கண்ணால் பார்த்தே உறுதி செய்துவிடுவர். ஐயமிருந்தால் டாப்ளர் ஸ்கேன் எடுப்பர். ஒலி அலைகளால் இயங்குவதால் கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் அதில் கதிர்வீச்சு இல்லை. யோனி வாயிலருகே உள்ள பார்த்தலின் சுரப்பியில் தோன்றும் நீர்க்கட்டி, குடலிறக்கம் ஆகியவையும் அப்பகுதியில் புடைப்பாகத் தெரியும் என்பதால் அவற்றைப் பிரித்தறிவது தேவை. கர்ப்ப காலத்தில் தொடை இடுக்கில் தோன்றும் புடைப்பு, கருப்பையின் உருண்டை நாணைச் சுற்றிய சிரைகளின் வீக்கமாக இருந்தும் குடலிறக்கம் எனத் தவறாகக் கருதப்படுவதுண்டு. டாப்ளர் அதைக் காட்டிக்கொடுத்து, தேவையற்ற அறுவையைத் தவிர்க்கிறது.

தணிக்கும் வழிகள்

கருவுற்றிருக்கும்போது இச்சிரைகளை நிரந்தரமாக அடைக்கும் சிகிச்சைகள் செய்யப்படுவதில்லை. காரணம் எளிது: குழந்தை பிறந்ததும் பெரும்பாலும் தானே போய்விடும் ஒன்றுக்கு ஊசியும் அறுவையும் தேவையில்லை. அதுவரை வலியைக் குறைத்து நாளை ஓட்டுவதே நோக்கம்.

இவற்றுள் மிகுந்த பயன் தருவது தாங்கல். மேல்நாடுகளில் இதற்கென்றே இடுப்பில் மாட்டிக் கால்களுக்கிடையே வரும் 'வி' வடிவப் பட்டைகள் விற்கப்படுகின்றன. இந்தியாவில் இணையக் கடைகளில் கிடைக்கின்றன, விலை சற்று அதிகம். அவ்வளவு செலவிட முடியாதோர், நன்கு பொருந்தும் பருத்தி உள்ளாடை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து, இடையே மடித்த தடித்த துணியையோ இரண்டு நாப்கின்களையோ வைத்துக்கொள்ளலாம். கோவணம் கட்டுவது போலத் துணியை மடித்துக் கட்டுவதும் இதே வேலையைச் செய்யும். மேல்நாட்டுப் பட்டையும் அடிப்படையில் கோவணமே. தாங்கல் இதமாக மேல்நோக்கிப் பிடிக்க வேண்டும். தொடையின் மடிப்பில் கயிறுபோல் இறுக்கினால் அங்கேயே இரத்தம் தடைப்பட்டு வீக்கம் கூடும். காலையில் படுக்கையிலிருந்து எழுமுன்னரே, சிரைகள் வடிந்திருக்கும்போது அணிவது நல்லது. வீங்கிய பிறகு அணிந்தால் பயன் பாதிதான். காலிலும் சுருள்சிரை இருந்தால் அழுத்தக் காலுறையும் அப்படியே.

குளிர்ச்சி வலியையும் அரிப்பையும் விரைவில் அடக்குகிறது. பனிக்கட்டியை மெல்லிய துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் வைக்கலாம். தோலில் நேரடியாக வைத்தால் புண்ணாகும். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில், மண்பானை நீரில் நனைத்த துணியும் ஓரளவு உதவும். இதற்கு மாறாக, வெந்நீர் ஒத்தடம் சிரைகளை மேலும் விரிக்கும். வலி என்றதும் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது நம் வீடுகளின் வழக்கம் என்பதால் இதைத் தனியே சொல்ல வேண்டியுள்ளது.

பகலில் இரண்டு மூன்று முறையேனும் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பது நல்லது. கீழ்ப்பெருஞ்சிரை முதுகெலும்பின் வலப்புறம் அமைந்திருப்பதால், இடப்பக்கம் படுக்கும்போது கருப்பையின் எடை அதன்மேல் விழாது. இடுப்பின் கீழே ஒரு தலையணை வைத்துச் சற்று உயர்த்தினால் வடிகால் இன்னும் எளிதாகும். ஒரே இடத்தில் நிற்பதும் கால் தொங்க நெடுநேரம் உட்காருவதும் கேடு. நடப்பது கேடன்று, நன்மையே. குந்தியிருந்து செய்யும் வேலைகளையும் கனமான குடம் தூக்குவதையும் வீட்டில் வேறொருவர் ஏற்பது, இரக்கத்தால் செய்யும் உதவி மட்டுமன்று, சிகிச்சையின் பகுதி. நீச்சல் குளம் கிட்டுவோருக்கு நீரில் இருப்பது நல்ல ஆறுதல் தரும். நீரின் அழுத்தமே எல்லாப் பக்கமும் தாங்கலாகிறது.

மலச்சிக்கல் இதன் பெரும் பகை. முக்கும் ஒவ்வொரு முறையும் அடிவயிற்றின் அழுத்தம் முழுதும் இந்தச் சிரைகளில் இறங்குகிறது. கர்ப்பிணிகளுக்குத் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரை சிலருக்கு மலத்தை இறுக்கும். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடுவோர் உண்டு. இரத்தசோகையுடன் பேற்றுக்குச் செல்வது சுருள்சிரையைவிடப் பல மடங்கு ஆபத்து. மாத்திரையை மாற்றித் தரவோ மலமிளக்கி தரவோ மருத்துவரைக் கேட்கலாம். கீரை, வாழைத்தண்டு, கொய்யா, முழுப் பயறுகள், போதிய நீர் ஆகியவை பழைய அறிவுரைதான், ஆனால் இங்கு நேரடியாக வலியைக் குறைப்பவை. கழிவறையில் நெடுநேரம் குந்தியிருக்க வேண்டாம்.

வலி பொறுக்க முடியாவிட்டால் மருத்துவரைக் கேட்டுப் பாராசிட்டமால் எடுக்கலாம். ஐபுப்ரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றைக் கர்ப்ப காலத்தில், குறிப்பாக 20 வாரங்களுக்குப் பின், தாமாக மருந்துக்கடையில் வாங்கி உண்ணலாகாது. கடைகளிலும் இணையத்திலும் 'நரம்பு முடிச்சு' எண்ணெய் என்று விற்கப்படுபவற்றை அந்த மெல்லிய தோலில் தடவி அழுத்தித் தேய்ப்பது தீங்கானது.

உடலுறவுக்கு இதனால் தடையில்லை. வலித்தால் தவிர்ப்பதும், பெண்ணுக்கு அழுத்தம் குறைவான நிலையைத் தேர்வதும் போதும். அந்தப் பகுதியில் சவரக்கத்தி வேண்டாம். பேற்றுக்குச் சேரும்போது மயிர் மழிக்க வரும் ஊழியரிடம் சிரை புடைத்திருப்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நின்று வேலை செய்வோர்

மேலே சொன்ன அறிவுரைகளில் பாதி, வீட்டில் இருக்கக் கூடியவர்களுக்கானது. ஜவுளிக்கடையிலும் நகைக்கடையிலும் பத்து மணி நேரம் நிற்பவர் 'பகலில் இடப்பக்கம் படு' என்பதைக் கேட்டால் சிரிப்பார். சட்டம் இவர்களுக்கு ஓரளவு துணை நிற்கிறது. கேரளம் 2018இல் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாட்டில் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2021இல் திருத்தப்பட்டு, எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி தர வேண்டும் என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. கர்ப்பிணிகளுக்கென, மகப்பேறு நலம் பற்றிய சட்டத்திலேயே ஒரு விதி உண்டு: பெண் கேட்டுக்கொண்டால், நெடுநேரம் நிற்கும் வேலையை அவருக்குத் தரக்கூடாது. ஆனால் இக்காப்பு, பேறு எதிர்பார்க்கப்படும் நாளுக்கு ஆறு வாரத்துக்கு முந்திய ஒரு மாதத்திலிருந்துதான், அதாவது ஏறத்தாழ 30ஆம் வாரத்திலிருந்துதான், தொடங்குகிறது. சுருள்சிரையோ 20ஆம் வாரத்திலேயே வந்துவிடுகிறது. இடைப்பட்ட பத்து வாரங்களுக்கு, மருத்துவர் எழுதித் தரும் சான்றும் முதலாளியின் மனமும்தான் கதி. நோயின் பெயரைச் சான்றில் விரிவாக எழுதத் தேவையில்லை. 'சிரை நோய் காரணமாக நெடுநேரம் நிற்கலாகாது' என்று எழுதித் தருமாறு கேட்கலாம்.

நிற்க நேரும்போது உடல் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றுவதும், குதிகாலை உயர்த்தித் தாழ்த்துவதும் கெண்டைக்கால் தசையை வேலை செய்ய வைக்கும். ஒன்றுமில்லாததற்கு அதுவும் மேல்.

பேற்றின்போது

சிரை வெடித்து இரத்தம் பெருகுமோ, சிசேரியன்தான் வழியோ என்பது இங்கு எழும் பெரிய கேள்வி. பெண்குறிச் சுருள்சிரை மட்டுமே இருப்பது சிசேரியனுக்குக் காரணமாகாது. சிரைகளில் ஓடும் இரத்தம் தமனியினதைப் போல் வேகமுடையதன்று. கிழிசல் ஏற்பட்டு இரத்தம் வந்தாலும் அழுத்திப் பிடித்தும் தையலிட்டும் பெரும்பாலும் நிறுத்திவிட முடியும். பேற்றின்போது சிரை வெடிப்பதே அரிது. குழந்தைக்கு வழிவிட வெட்டு தேவைப்பட்டால், சிரைகள் குறைவான பக்கத்தை மருத்துவர் தேர்வார். சிசேரியனுக்குப் பின் கால் சிரைகளில் இரத்தம் உறையும் வாய்ப்பு இயல்பான பேற்றைவிடக் கூடுதல் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். சிரை நோய்க்கு அஞ்சிச் சிசேரியன் கேட்பது ஒரு சிரைச் சிக்கலை விட்டு அதைவிடக் கடுமையான மற்றொன்றின் பக்கம் செல்வதாகிவிடலாம். வேறு காரணங்களுக்காக மருத்துவர் சிசேரியன் சொன்னால் அது வேறு செய்தி.

சிரைகள் மிகப் பெரிதாக இருந்தாலோ முன்பு இரத்தம் கசிந்திருந்தாலோ, இரத்தம் ஏற்றும் வசதியுள்ள மருத்துவமனையில் பேறு நடக்கத் திட்டமிடுவது பொருத்தம். வலி எடுத்துச் சேரும் இரவில் பணியில் இருப்பவர் வழக்கமாகப் பார்த்த மருத்துவராக இராமல் போகலாம். ஆகவே கர்ப்பிணிப் பதிவேட்டிலோ கையிலுள்ள அட்டையிலோ இதை முன்பே எழுதி வைக்கச் செய்ய வேண்டும்.

பிறந்த பின்

குழந்தை பிறந்த சில நாட்களிலேயே பலருக்குப் புடைப்பு கண்கூடாகக் குறையும். கருப்பை சுருங்கிப் பழைய அளவுக்குத் திரும்பவும், கூடுதல் இரத்தம் வடியவும் ஏறத்தாழ ஆறு வாரங்கள் ஆகும். அதற்குள் பெரும்பாலோர் பழைய நிலையை அடைகின்றனர். முதல் வாரத்தில் தையல் வலியும் வீக்கமும் சேர்ந்திருப்பதால் நோய் கூடிவிட்டதாகத் தோன்றலாம். தாங்கலும் குளிர்ச்சியும் இக்காலத்திலும் தொடரலாம்; பால் கொடுப்பதற்கு இவை தடையல்ல. கடினமான தரையில் நேராக உட்காருவதைவிட ஒருக்களித்துப் படுத்துப் பால் கொடுப்பது இதமாக இருக்கும்.

நம் வீடுகளின் பிள்ளைப்பேற்று வழக்கங்கள் சில இங்கு குறுக்கிடுகின்றன. நொச்சித் தழை போட்டுக் கொதிக்க வைத்த நீரை உடம்பு சிவக்க ஊற்றுவது அவற்றுள் ஒன்று. குளிப்பதைத் தடுக்க வேண்டியதில்லை. இடுப்புக்குக் கீழே மிதமான சூடு போதும் என்று ஊற்றுபவரிடம் சொன்னால் சரி. பச்சை உடம்பு என்று தண்ணீரைக் குறைப்பது நேரான தீங்கு: மலம் இறுகும், இரத்தம் கெட்டிப்படும், பாலும் குறையலாம். வயிற்றைத் துணியால் மிக இறுக்கிக் கட்டுவது அழுத்தத்தைக் கீழ்நோக்கித் தள்ளும். நாட்கணக்கில் படுக்கையை விட்டு இறங்காமல் இருப்பதும் நல்லதன்று. சிரைகளில் இரத்தம் உறையும் ஆபத்து ஒரு பெண்ணின் வாழ்வில் மிகுதியாக இருக்கும் காலங்களில் பேற்றுக்குப் பிந்திய முதல் ஆறு வாரம் ஒன்று. வீட்டுக்குள்ளேயே அடிக்கடி எழுந்து நடப்பது அதைக் குறைக்கும். மறுபுறம், தாயை வேலையிலிருந்து விலக்கி ஓய்வும் உணவும் கொடுத்துப் பேணும் வழக்கம் இந்நோய்க்கு மிகவும் உகந்தது. அதைப் பழமை என்று கைவிட்டவர்கள்தான் இழக்கிறார்கள்.

இடுப்பறைத் தளத் தசைகளைச் சுருக்கித் தளர்த்தும் பயிற்சியை, வலி அடங்கியதும் தொடங்கலாம். சிறுநீரை அடக்குவது போலச் சில நொடிகள் இறுக்கி விடுவதே அது. சிரையை அது மறையச் செய்யாது. அப்பகுதிக்கு உள்ளிருந்து கிடைக்கும் தாங்கலை மீட்கும்.

உடனே மருத்துவமனை செல்ல வேண்டியவை

வழக்கமாக மென்மையாக இருக்கும் புடைப்பு திடீரெனக் கெட்டியாகி, சிவந்து, தொட முடியாத வலி தந்தால் அதனுள் இரத்தம் உறைந்திருக்கலாம். அன்றே காட்ட வேண்டும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தால் ஆழ்சிரையில் உறைவு ஏற்பட்டிருக்கக் கூடும். அதனுடன் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் இரத்தம் ஆகியவற்றில் ஏதேனும் வந்தால், உறைவு நுரையீரலுக்குச் சென்றிருக்கலாம். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 எண்ணை அழைக்க ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. இது கருவுற்ற காலத்துக்கும் பேற்றுக்குப் பிந்திய வாரங்களுக்கும் பொருந்தும்.

புடைப்பிலிருந்து இரத்தம் வந்தால் உடனே படுத்து, இடுப்பை உயர்த்தி, தூய துணியால் விடாமல் அழுத்திப் பிடித்தபடி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நிற்கவோ, எடுத்து எடுத்துப் பார்க்கவோ கூடாது. கர்ப்ப காலத்தில் பிறப்புறுப்பிலிருந்து வரும் எந்த இரத்தத்தையும் 'அந்தப் புடைப்பிலிருந்துதான்' என்று தாமே முடிவுகட்டுவது தவறு. நச்சுக்கொடிச் சிக்கலும் அப்படித்தான் தொடங்கும்.

மறையாவிட்டால்

மூன்று மாதங்கள் கடந்தும் புடைப்பும் வலியும் நிலைத்திருப்பது சிறுபான்மையோருக்கே. அவர்கள் இரத்தக்குழாய் சிகிச்சை வல்லுநரிடம் செல்வது நல்லது. இத்தகையோரில் சிலருக்கு நோயின் வேர் வெளியில் இல்லை; இடுப்பறைக்குள் சூலகச் சிரைகள் வலுவிழந்து, இரத்தம் எதிர்த்திசையில் வடிவதே காரணம். இடச் சூலகச் சிரை மேலே சென்று இடச் சிறுநீரகச் சிரையில் சேர்வதால் அப்பக்கத்தில் இது கூடுதல். அடிவயிற்றில் நாட்பட்ட மந்தமான வலி, நின்றால் அது கூடுதல், உடலுறவுக்குப் பின் நெடுநேரம் நீடித்தல் ஆகியவை இதன் அடையாளம். இது இடுப்பறைத் தேக்க நோய் எனப்படும். மாதவிடாய் வலி என்றும் மன உளைச்சல் என்றும் ஆண்டுக்கணக்கில் தள்ளப்படும் வலிகளில் இதுவும் ஒன்று.

வெளிச் சிரைகளுக்குப் பாலிடோகனால் போன்ற மருந்தை நுண்ணூசியால் செலுத்திச் சிரையை ஒட்டி அடைந்துபோகச் செய்யும் முறை உண்டு. மருத்துவமனையில் தங்காமலே செய்யப்படுவது. பால் கொடுப்போர் அதை முன்பே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். உள்ளே சூலகச் சிரை காரணமென்றால், கழுத்து அல்லது தொடைச் சிரை வழியாக நுண்குழாய் செலுத்தி, சிறு கம்பிச் சுருள்களால் அச்சிரையை அடைப்பர். உள்வேரைக் கவனிக்காமல் வெளிப்புடைப்பை மட்டும் ஊசியால் அடைத்தால் திரும்பி வரும் வாய்ப்பு மிகுதி. ஆகவே ஊசிக்கு முன் ஸ்கேன் எடுக்கச் சொல்வது வீண்செலவன்று.

அடுத்த கரு

ஒரு கருவில் வந்தது அடுத்ததிலும் வரக்கூடும், பெரும்பாலும் முன்னதாகவே. அதற்காக அடுத்த குழந்தையைத் தவிர்க்க வேண்டியதில்லை. கரு உறுதியானதும் முதல் பரிசோதனையிலேயே சொல்லிவிட்டு, கனம் தெரியத் தொடங்குமுன் தாங்கலை அணிந்தால் இரண்டாம் முறை எளிதாகக் கழியும் வாய்ப்புண்டு. மேலும் குழந்தை வேண்டுமென எண்ணுவோர், அவசரமில்லையெனில், ஊசிச் சிகிச்சையைக் கடைசிப் பேற்றுக்குப் பின் வைத்துக்கொள்வதும் ஒரு வழி.

கருத்தடை முறையைத் தேர்வதிலும் இது கேள்வியாக எழும். சுருள்சிரை மட்டும் இருப்பது எந்தக் கருத்தடை முறைக்கும் தடையாக உலக சுகாதார நிறுவனத்தால் கருதப்படுவதில்லை. ஆழ்சிரையில் இரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜென் கலந்த மாத்திரைகளை உட்கொள்ளலாகாது. பால் கொடுக்கும் தாய்மார் பேற்றுக்குப் பின் முதல் ஆறு வாரம் அவற்றைத் தொடக்கூடாது. தாமிரத்தால் ஆன கருத்தடை வளையத்தில் இயக்குநீர் ஏதுமில்லாததால் இரத்த உறைவு பற்றிய இக்கவலை அதில் எழுவதில்லை.